ஒரு சர்க்கரை குறைந்த ரத்தம்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மதலேனின் கணவர் போனில் கூப்பிட்டார். "சாந்திம்மா, மதலேன் போயிட்டா. காலையில எழுப்பப் போனேன், எழுந்திருக்கல" என்றார். மீன்காரம்மா நீட்டிய பையை வாங்காமலே வெளியே வந்து ஒரு ஆட்டோவில் உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் ரத்த வங்கி மருத்துவர். அடுத்த அறையில் அவள், உயிர்வேதியியல். சர்க்கரை என்றால் நமக்கெல்லாம் நீரிழிவுதான் நினைவுக்கு வரும். அவளுக்கு அது தீராத அதிசயம். ஒருநாள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே என் பருத்திப் புடவையைக் காட்டி, "இந்தச் சோறும் இந்தப் புடவையும் ஒரே குளுக்கோஸ்தான் சாந்தி. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிற விதம் மட்டும் வேற. அதனால ஒண்ணு பசி ஆத்துது, ஒண்ணு உடம்ப மூடுது. வொலா, பாத்தியா!" என்றாள். நானும் அதைப் படித்துத் தேறியவள்தான். ஆனாலும் குனிந்து என் புடவையைப் பார்த்தது அன்றுதான்.

செல்வியின் கதை எங்கள் மருத்துவமனையில் பலருக்குத் தெரியும். சேதராப்பட்டு தொழிற்சாலையில் வேலை செய்த பெண், தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே இறங்கியிருந்ததால் அறுவை செய்துதான் குழந்தையை எடுக்கவேண்டும். ரத்தம் தயாராக இல்லாமல் தொடமுடியாது. சோதனையில் ஓ பிரிவு என்று வந்தது. ஆனால் எங்களிடம் இருந்த ஓ ரத்தம் எதுவுமே அவளுக்குச் சேரவில்லை. சோதனைக் குழாய் ஒவ்வொன்றிலும் அணுக்கள் திரிந்த பால்போலக் கட்டிக்கொண்டன. ஏதோ பிசகு என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான்.

மதலேனைக் கூப்பிட்டேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அடிச் சர்க்கரையே இல்லன்னா?" என்றாள்.

சிவப்பணுவின் மேல் சர்க்கரைகள் சின்னச் சங்கிலிகளாக நிற்கின்றன. நுனியில் ஒட்டும் கடைசிச் சர்க்கரை எது என்பதுதான் ஏ, பி பிரிவுகளின் வித்தியாசம். ஓ பிரிவில் அந்தக் கடைசி ஒன்று இல்லை. ஆனால் அதற்கு முந்திய சர்க்கரை இம்மூன்று பிரிவுகளுக்கும் பொது. செல்விக்கு அதுவும் இல்லை என்று அடுத்த சோதனை காட்டியது. அதனால் அந்தச் சர்க்கரை உள்ள எந்த ரத்தத்தையும் அவள் உடல் அந்நியம் என்றே எதிர்க்கும். "ஒரே ஒரு சர்க்கரை, சாந்தி!" என்றாள் மதலேன்.

அவளைப்போலவே அந்தச் சர்க்கரை இல்லாதவரைக் கூடப்பிறந்தவர்களிடம் தேடுவதுதான் வழி. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. செல்விக்கு ஒரே அண்ணன், விழுப்புரம் பக்கம். அவள் வேற்று மதத்தில் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "அவன் வரமாட்டான் மேடம்" என்று அழுதாள் செல்வி. மதலேனே போன் செய்தாள். அவன் பஸ் பிடித்து வந்து இறங்கினான். தங்கை படுத்திருந்த வார்டுப் பக்கம் திரும்பாமல், ரத்தம் எடுக்கக் கையை நீட்டினான்.

ரத்தம் சேர்ந்தது. குழாயில் ஒரு கட்டிகூட இல்லை, தெளிந்து நின்றது.

மதலேன் அவனிடம் சொன்னபோது நம்பாமல் கேட்டான்: "என்னுது மட்டுந்தான் சேருதா மேடம்?"

"இங்க இருக்கிற ஒரு பாட்டில்கூட சேரலப்பா. உன்னுது சேருது."

அவன் எழுந்து வார்டுக்குள் போனான். "அண்ணே" என்று செல்வி கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. மதலேன் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். மறுநாள் அறுவை நடந்தது. பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள்.

மதலேனின் அடக்கத்தன்று அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வந்திருந்தார்கள். மாதா கோயில் வாசலில் அவன் என்னிடம், "அந்தம்மா வருஷா வருஷம் என் பொறந்தநாளுக்குப் போன் பண்ணுவாங்க. உடம்பப் பாத்துக்கோ, நீ ரெண்டு பேருக்கு இருக்கிறவன்னு சொல்லுவாங்க" என்றான். எனக்கு அது தெரியாது. அவள் சொன்னதேயில்லை.

மதலேனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் குழாய்முன் நின்ற அந்த மௌனத்தை. ஒத்துவராத ஒன்றைக் கண்டதும் பிசகு என்று ஒதுக்காமல், இது எப்படி என்று வியந்து நிற்பது. நேற்று நோயாளி ஒருவரின் ரத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கட்டியது. உடனே மறுபடி செய்யச் சொல்லவில்லை. அவளைப்போலவே குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.