ரொம்பச் சுத்தமான தண்ணீர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதிலும் ஒரு நூல் பிசகக்கூடாது. கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டிக்கும் அதே சட்டம்தான். மீன்களுக்குக் காலையில் ஒரே ஒரு சிட்டிகை தீனி. அதற்கு மேல் போட்டால் மிச்சம் அழுகும், தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் உப்புகள் ஏறும், பாசி பிடிக்கும், தொட்டியில் வளரும் உயிர்ப் பவளம் கெடும். ஞாயிறுதோறும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்த உப்புகள் இருப்பதைக் காட்டி நிறம் ஏறியிருக்கும்.

“எங்கிருந்துதான் வருதோ இந்தக் கருமம்!” என்று குதிப்பார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே, “மீன் தொட்டிக்கு ரத்தப் பரிசோதனை பண்ற ஒரே ஆள் நீங்கதான்” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் இன்னும் கொஞ்சம் குதிப்பார். நல்ல காலம் அது. வீடு வீடாக இருந்த காலம்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டாள். அதன்பின் மனிதர் வேலையையும் விட்டுவிட்டுத் தொட்டியே கதியென்று கிடந்தார். வடிகட்டிப் பஞ்சை மாற்றினார். நுரை எடுக்கும் கருவியைத் தேய் தேய் என்று தேய்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொட்டு விட்டால், நிறமே ஏறவில்லை. சுத்தமாகப் பூஜ்யம்! ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியது கடைசியில் கைகூடிவிட்டதே என்று பூரித்துப்போனார். சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

பூரிப்பு நிலைக்கவில்லை. அவள் ஆசைப்பட்டு வாங்கிவந்த ஊதாப் பவளம் வெளிறத் தொடங்கியது. அவளுடையது என்று தொட்டியில் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விடுமோ என்று இன்னும் சுத்தம் செய்தார். இன்னும் வெளிறியது.

வண்ணமீன் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “தண்ணியில சத்தே இல்லாம பண்ணிட்டீங்களே சார்! மீன் தின்னு கழிச்சாத்தான் பவளத்துக்குச் சாப்பாடு. பாவம், பட்டினி கிடக்குது.”

“எப்பவும் ஒரு சிட்டிகைதானே போடுறேன்? அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

அதற்கான பதில் வெளியூரில் இருக்கும் மகளிடம் இருந்தது. மறுநாள் காலை போனில் புலம்பியபோது அவள் சொன்னாள். “நீங்க வேலைக்குக் கிளம்பினதும் அம்மா இன்னொரு சிட்டிகை போடுவாங்கப்பா. ‘சீக்கிரம் தின்னுங்க, அவர் பார்த்தா குதிப்பாரு’ன்னு மீனுங்ககிட்ட வேற சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மீன்கள் சமையலறைப் பக்கத்து மூலையில் மொய்த்துக்கொண்டிருந்தன. தினமும் இந்த நேரத்துக்கு அங்கேதான் கூடும். வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தார். அவளைத்தான் எதிர்பார்த்துக் கிடந்திருக்கின்றன.

தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனார். ஒரு சிட்டிகை தூவினார்.

“மெதுவாவே தின்னுங்க” என்றார். “அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”