மாமாவின் வைக்கோற்போரைத் தாண்டிப் போன அண்ணன்

அண்ணனின் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது மதினி ஒரு நிபந்தனை விதித்தார்கள். "அவியளப் பத்தி எழுதுங்க கொழுந்தனாரே. ஒங்களப் பத்தி எழுதிராதிங்க." நியாயமான பயம்தான். முயன்று பார்க்கிறேன். ஆனால் அண்ணன் வாழ்வில் நேர்ந்த ஒரு பெரிய சிக்கலில் நானும் மூக்கை நுழைத்தவன் என்பதால், அங்கே மட்டும் என்னை மன்னிக்கும்படி உறவினர்களையும் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது இராஜாக்கமங்கலம் போகும் சாலையோரம், எங்கள் தாய்மாமா வீட்டில். அப்பா காலமான பிறகு அம்மாவும் நாங்கள் இருவரும் அங்கேயே தங்கிவிட்டோம். மாமா எங்களுக்குச் சோறு போட்டார், பள்ளிக்கூடம் அனுப்பினார், தேவைப்பட்டபோதும் தேவைப்படாதபோதும் அடித்தார். அடியில் பெரும்பங்கு அண்ணனுக்குத்தான். நான் செய்த தப்புகளுக்கும் அவரே முதுகைக் காட்டிவிடுவார்.

யுத்த காலத்தில் அண்ணன் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். "தீயக் கண்டா எல்லாரும் ஓடுவான். நீ அதுக்க நேரே ஓடப் போறியா? அதுக்குச் சம்பளமும் தாறானுவளா?" என்று மாமா சிரித்தார். மகாராஜா ஆட்சி முடிந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனபோது அண்ணன் எங்கள் பக்கத்து நிலையத்துக்கே அதிகாரியாக வந்தார். இருந்தது ஒரே வண்டி.

அந்த நிலையத்தில் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தீயணைத்துத் திரும்பியதும் கித்தான் குழாய்களைக் கழுவி, உயரக் கம்பத்தில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கிவிடும். அதிகாரிகள் இதைத் தொடுவதில்லை. அண்ணனோ சேறு மிகுந்த குழாயாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குந்திவிடுவார். கழுவிக்கொண்டே, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "இன்னைக்கு நான் என்னத்தத் தப்பாச் செய்தேன்? சொல்லு."

முதலில் பயந்தார்களாம். பிறகு குளிர் விட்டுப் போயிற்று. "சார் விசில நாலு வாட்டி ஊதினிய. எதுக்குன்னு ஒருத்தனுக்கும் வெளங்கல்ல" என்று ஒருவர் சொன்னபோது நானே அங்கிருந்தேன். நான் வக்கீல் குமாஸ்தா. எங்கள் ஆபீசில் அப்படி ஒருவர் வாய் திறந்தால் மறுநாள் அவர் நாற்காலி காலியாக இருக்கும். அண்ணன் தலையாட்டி, "நாலாவது எனக்கும் வெளங்கல்லடே" என்றார்.

ஒரு பங்குனி மத்தியானம், கடற்கரையில் மீனவர் குடியிருக்கும் ஓலைப்புரைகள் எரிகின்றன என்று ஒருவர் சைக்கிளில் வந்து விழாக்குறையாகச் சொன்னார். வண்டி கிளம்பியது. வழியில்தான் மாமா வீடு. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வீட்டுக்குத் தெற்கே மூன்று வைக்கோற்போர் நின்றன. எப்படியோ அவற்றில் ஒன்று அதே நேரம் பற்றிக்கொண்டது. மணிச் சத்தம் கேட்ட மாமா, தனக்காகத்தான் வண்டி வருகிறது என்று நினைத்து நடுரோட்டில் கையை விரித்து நின்றார்.

"ஏலே, எறங்குங்கலே! போரு எரியுது!"

"மாமா, அங்க ஆளு இருக்கப்பட்ட புரை எரியுது. முடிச்சிட்டு ஓடி வாறேன்."

"நான் சோறு போட்டு வளத்த பய, எனக்க போரு எரியும்போ ஊருக்காரனுக்கா தண்ணி கொண்டு போற?"

டிரைவர் செல்லையா அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன், "வண்டிய எடு" என்றார். மருமகன் சொல்லுக்கு மாமா வழிவிட்டு நின்றது அதுவே முதல் தடவை.

கடற்கரையில் பாதிப் புரைகள் போயின, பாதி தப்பின. திரும்பி வந்தபோது மாமாவின் மூன்று போரும் சாம்பல். மாட்டுத்தொழுவின் கூரையும் போயிருந்தது. மறுநாளே மாமா, தன் மருமகன்மேல் திருவனந்தபுரத்துக்குப் புகார் மனு அனுப்பினார்.

அதற்கு முந்தின சாயங்காலமே குழாய் கழுவும் இடத்தில் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த அந்தோணி தயங்கினார்.

"சார், சொல்லலாமா?"

"கேக்கத்தானே குந்தியிருக்கேன்."

"மாமா வீட்டுல எங்கள்ல ரெண்டு பேர எறக்கி விட்டிருக்கலாம். கொக்கிக் கம்பும் வாளியும் போதும். மத்த ரெண்டு போரையும் பிரிச்சுத் தள்ளியிருப்போம்."

செல்லையா, "ஏலே, வாய மூடுலே" என்று அதட்டினார். அண்ணன் குழாயைக் கீழே வைத்தாராம். "அவன் சொன்னது சரி. எனக்குத் தோணல்ல. மாமா முகத்தப் பாக்க முடியாம ஓடியிருக்கேன்."

விசாரணைக்கு மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அண்ணனுக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம் அது. வேலையே போகலாம் என்றும் பேச்சு. இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். பொய்யை இலக்கண சுத்தமாக எழுதுவது எங்கள் தொழில். இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் தயாரித்தேன். சாராம்சம் இதுதான்: அதிகாரி இறங்கச் சொன்னார், மணிச் சத்தத்தில் அது டிரைவர் காதில் விழவில்லை, அவர் வண்டியை எடுத்துவிட்டார். அன்றுவரை நான் எழுதியதில் ஆகச் சிறந்தது.

அண்ணன் அதை நிலையத்துக்குக் கொண்டுபோய், எல்லாரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னார். நான் ஓரமாக, பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

செல்லையா எழுந்து நின்றார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு சார். நீங்க மேல போவணும். நான் செவிடனாவே இருந்துக்கிடுதேன்."

"ஒனக்கு எத்தன பிள்ளைய?"

"நாலு."

"செவிட்டு டிரைவரை எவனாம் வேலைக்கு வப்பானா?"

அண்ணன் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "நல்ல இங்கிலீஷ், தம்பி. நீயே வச்சுக்கோ." பிறகு தன் கையாலேயே இப்படி எழுதினார்: போகச் சொன்னது நான். டிரைவர் என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார். கடற்கரைக்குப் போனது சரியென்றே இப்போதும் கருதுகிறேன். ஆனால் இரண்டு பேரை அங்கே இறக்கிவிடாதது என் பிழை.

கடைசி வாக்கியத்துக்காக நான் மன்றாடினேன். "கேக்காத கேள்விக்கு எதுக்கு அண்ணே பதிலு?"

"வாற அதிகாரி கேக்கமாட்டாரு. மாமா கேப்பாருல்லா?"

கடற்கரைக்கு வண்டி போனதை மேலதிகாரி குற்றம் சொல்லவில்லை. அண்ணனே ஒப்புக்கொண்ட அந்தப் பிழைக்காகக் கண்டனம் வந்தது, பதவி உயர்வு நின்றது. கடைசிவரை அண்ணன் அதே பதவியில்தான் இருந்தார். செல்லையா இன்றும் வண்டி ஓட்டுகிறார். வழியில் வேறு தீயைக் கண்டால் இரண்டு பேர் கொக்கிக் கம்போடு இறங்குவது அந்த நிலையத்தில் வழக்கமாகிவிட்டது. மாமாவிடம் பிழையைச் சொல்ல அண்ணன் நேரில் போனார். கதவு திறக்கவில்லை. நாலு வருஷம் பேச்சில்லை.

தீயணைப்பில் அண்ணன் பல வருஷம் குடித்த புகை கடைசியில் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மருந்தும் ஆறுதலும் தந்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், முறைவைத்து அருகே இருந்த நிலையத்துத் தோழர்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த செல்லையாவுக்கும் அந்தோணிக்கும், கடற்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றவர்களுக்கும், எங்கள் மதினியும் நாங்களும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி ஒருவர் பாக்கி. யாரும் சொல்லி அனுப்பாமல், கையில் இளநீரோடு மாமா ஒருநாள் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. நான் பேச முயன்றேன், இருவருமே என்னை முறைத்தார்கள். அப்போது கடற்கரைப் பெண் ஒருத்தி சின்னப் பெண்குழந்தையோடு வந்து, அண்ணன் காலைத் தொட்டாள்.

"நீ ஆரு மக்கா?" என்று மாமா கேட்டார்.

"புரை எரிஞ்ச அன்னைக்கு எனக்கு இவளப் பெத்து மூணு நாளு ஐயா. எழும்ப முடியாமக் கெடந்தேன். இவியதான் பாயோட எங்களத் தூக்கிட்டு வந்தாவ."

எனக்கே அது புதிய செய்தி. அண்ணன் வீட்டிலும் சொன்னதில்லை, அறிக்கையிலும் எழுதியதில்லை. அவள் போனபிறகு மாமா, இருமிக்கொண்டிருந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கப்பிடாதா? அதிகாரிகிட்டயாவது சொல்லியிருக்கப்பிடாதா?"

அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார்: "வண்டிய எடுன்னு சொல்லும்போ இவ அங்க கெடக்கது எனக்குத் தெரியாதே மாமா. தெரிஞ்சு போன மாதிரி பொறவு எப்பிடிச் சொல்ல?"

மாமா நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, தான் அடித்து வளர்த்த மருமகனின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். அண்ணன் கண்மூடும் வரை அந்த இடத்தைவிட்டு அவர் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் குடும்பத்தின் நன்றி முதலில் அவருக்கே உரியது.