என் மனைவி தலையில் பூ நின்ற விதம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில், தோட்டத் துரை அனுமதி தராத இடத்தில் இரண்டு மாடுகளுக்குக் கொட்டகை கட்டினேன். பிடுங்கி எறிந்தார்கள். மறுபடி கட்டினேன். அது எட்டு மாட்டுக் கொட்டகையானது. பிறகு பெரகலச் சந்திக்குப் பக்கத்தில் பால் சேகரிக்கும் நிலையம். இன்றைக்கு ஆறு தோட்டத்துப் பால் அங்கேதான் வந்து சேர்கிறது. பாலைக் குளிர வைக்கும் தாங்கி ஒன்று, லொறி ஒன்று, மேட்டில் மாடி வீடு ஒன்று. அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது என்று அடித்துச் சொன்ன, வீடு கட்ட வந்த மேசன் பாஸ், என் மேல்மாடிக் குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் போனார். இவ்வளவையும் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு செய்தேன். அந்த ஐந்தாம் வகுப்பும் முழுசாக இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கட்டடங்கள். ஊருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: என் மனைவியின் கூந்தல். முழுக்க நானே கட்டினேன் என்று சொல்லமாட்டேன், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அதில் என் வேலை இருக்கிறது. கேளுங்கள்.

அவள் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். முதுகில் தொங்கும் கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே, தலையின் குறுக்கே கிடக்கும். மடித்த துணியை அடியில் வைத்துக்கொண்டாலும் ஈரக் கொழுந்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான் இறங்கும். அவள் வேலையிலிருந்து நின்றபோது அந்தக் கோட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. பளபளவென்று இருந்தது. அதை யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. தொழிலாளர் லயத்தில் அவள் வயதுப் பெண்கள் பல பேர் தலையிலும் அந்தக் கோடு இருந்தது.

பிறகு கயிறு படாத இடத்திலும் முடி மெலிந்தது. சீப்பில் வந்தது, தலையணையில் வந்தது, ஒருநாள் என் சோற்றிலும் வந்தது. அவளோ மாதா கோயிலுக்கு அடிக்கடி போகத் தொடங்கினாள். ஞாயிறு பூசை போதாதென்று புதனும் வெள்ளியும். பக்தி கூடிவிட்டது என்று நான் பெருமைப்பட்டு, பங்குச் சாமியாரிடமே சொன்னேன். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டு உட்கார அவளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

மகனுடைய நிச்சயதார்த்தத்தில்தான் ஏறியது. பெண் வீடு பண்டாரவளையில். எல்லாரும் வேனில் போய் இறங்கினோம். என் தங்கை வாய்க்காரி. மல்லிகைச் சரத்தையும் கொண்டை ஊசிகளையும் எடுத்துக்கொண்டு என் மனைவிக்குப் பின்னால் நின்றாள்.

"அசையாம இருங்க அண்ணி. பூ நிக்கவே மாட்டேங்குது."

"நல்லா குத்துடி."

"எதுல குத்துறது? முடியில குத்தணும்னா மொதல்ல முடி வேணுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஆனால் சம்பந்தியம்மாவிடம் லட்டுத் தட்டை நீட்டக் குனிந்தபோது சரம் ஊசிகளோடு வழுக்கிக்கொண்டு வந்து லட்டின்மேல் விழுந்தது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

வீடு திரும்பும்போது வேனில் சொன்னாள்: "ஏங்க, கல்யாணத்துல நான் முன்னால வந்து நிக்க மாட்டேன்."

"மாப்பிள்ளைக்கு அம்மா இல்லியான்னு கேப்பாங்க புள்ள."

"இருக்கான்னு சொல்லுங்க. கடைசி பெஞ்சுல முக்காடு போட்டுக்கிட்டு இருக்கா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே, கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையைத் தங்கைக்கே கொடுத்துவிட்டாள். கல்யாணம் வரும் ஈஸ்டருக்குப் பிறகு. நடுவில் எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தில் நான் ஒரு மாடி கட்டியவன்!

மகன் தொலைபேசியில் தேடி ஒன்றைக் காட்டினான். முடிக்கு ஒரு சிகிச்சை, பி.ஆர்.பி. என்று பெயர். அவரவர் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் வைத்துச் சுற்றினால்... என்று ஆரம்பித்தான். மீதியை நான் சொன்னேன். "கனமானது ஒருபக்கம் போகும், லேசானது ஒருபக்கம் நிக்கும். மேல நிக்கிறதை எடுக்கிறாங்க. அதானே?" அவன் வாயைப் பிளந்தான். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க நாங்களும் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுற்றத்தானே செய்கிறோம்? நாலு இலட்சம் குழாய் சுற்றியிருப்பேன். எண்ணவில்லை, ஆனால் குறைந்திருக்காது.

அதைச் செய்கிற டாக்டரைப் பார்க்கப் பதுளைக்குப் புறப்பட்டோம். எல்ல பக்கம் திரும்பும் சந்தியில் தேநீருக்கு நிறுத்தினேன். தலையைச் சுத்தமாக மழித்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பலூடா குடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கோப்பையை வாயிலே வைக்காமல் அவளையே பார்த்தாள்.

"இருக்கிறத செரச்சிப்புட்டு சிரிக்கிறா பாருங்க. இவகிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம்."

பல நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது. காரியம் நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா பண்டாரவளை முஸ்லிம் துணிக்கடைக்காரரின் மகள். முக்காட்டுக்குள்ளே சின்ன முகம், பெரிய கண்ணாடி. என் மனைவியின் தலையை வகிடு வகிடாகப் பிரித்து, ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்.

"ஆன்ட்டி, உண்மைய சொல்றேன். கயிறு கிடந்த இந்த இடத்துல வேரே இல்ல. இங்க ஊசி போட்டு ஒங்கட காச நான் வீணாக்க மாட்டேன். பின்னுக்கு வேர் உயிரோட இருக்கு, ஆனா மெலிஞ்சு போச்சு. அங்க செஞ்சு பாக்கலாம். கொஞ்ச பேருக்கு நல்லா வருது, கொஞ்ச பேருக்கு ஒண்டும் வாறல்ல. மாசத்துக்கு ஒண்டா மூணு தரம். அதுக்குப் பொறகும் இடைக்கிடை செய்ய வேண்டி வரலாம்."

"டாக்டரம்மா, எம்புட்டு ரத்தம் வேணும்? எங்கிட்ட நல்ல ரத்தம் இருக்கு. பால் குடிச்சு வளர்ந்த ஒடம்பு. எடுத்துக்கங்க," என்று சட்டைக் கையை மடித்தேன்.

"அங்கிள், அவங்கட ரத்தம்தான் அவங்களுக்கு."

"ஒங்க ரத்தத்த ஏத்துனா எனக்கு மீசைதான் மொளைக்கும்," என்றாள் மனைவி. "அம்மா, இவரு தலையையும் கொஞ்சம் பாருங்க. நெலா மாதிரி இருக்கு." டாக்டரம்மா என் தலையை எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

ஊசிக்கு முன்னால் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் இரும்புச்சத்து மிகவும் குறைவு என்று வந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "சாப்பிட்டதும் தேத்தண்ணி குடிப்பீங்களா?"

"சாப்பிடும்போதும் குடிப்பேன்."

"சாப்பாட்டோடயும் மாத்திரையோடயும் தேத்தண்ணி கூடாது. இரும்ப ஒடம்புல சேர விடாது."

முப்பது வருஷம் அந்தக் கொழுந்தைச் சுமந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தலைக்கு மேலயும் அதே சனியன், வயித்துக்குள்ளயும் அதே சனியனா?"

இனி என் பங்கு வருகிறது. கவனமாகப் படியுங்கள்.

முதல் ஊசி நாள். ஊசி என்றால் என் மனைவிக்கு உயிர் போகும். பிரசவத்தில்கூட ஊசியைக் கண்டுதான் கத்தினாள் என்று சொல்வார்கள். அன்றைக்குக் கண்ணை மூடி, மாதாவைக் கூப்பிட்டு, எப்படியோ இரண்டு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டாள். "இன்னைக்கு இதோட சரி. இன்னொருக்கா எடுக்கணும்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள். அவள் சொன்னால் செய்வாள். சேலை போனது எனக்குத் தெரியும்.

வழக்கமாக மெஷின் பார்க்கிற தாதி அன்றைக்கு லீவு. புதுப்பிள்ளை ஒருத்தி இரண்டு குழாயையும் கொண்டுபோய் வைத்து மூடியைச் சாத்தினாள். கதவு பாதி திறந்திருந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள்! ஒன்றுக்கொன்று நேர் எதிரே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருபக்கம் பாரம் ஏறி மெஷின் ஆட ஆரம்பிக்கும். பால் நிலையத்தில் என் முதல் வாரமே நான் செய்த தவறு அது. மெஷின் மேசையில் நடந்துபோய்க் கீழே குதித்தது. குழாய் உடைந்து, பால் சுவரில் படம் போட்டது.

இந்த மெஷினும் முதலில் முனகியது. பிறகு கடகடவென்று மேசையில் நடக்கத் தொடங்கியது.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டு புள்ள!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த மூன்று பேர் எழுந்து ஓடினார்கள் என்று பிறகு சொன்னார்கள். பிள்ளை விறைத்துப்போய் நின்றாள். மின்சார வயரை நானே பிடுங்கினேன். மெஷின் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று இழுத்து மேசை விளிம்பில் நின்றது. டாக்டரம்மா ஓடி வந்து திறந்து பார்த்தார். இரண்டு குழாயும் முழுசாக இருந்தன.

"எதிர் எதிரா வைக்கணும்மா," என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அழாத தாயி. நான் சுவரெல்லாம் பால் அடிச்சவன்."

டாக்டரம்மா நிதானமாகக் குழாய்களை எதிரெதிரே வைத்துவிட்டுக் கேட்டார்: "அங்கிள், இது எங்க படிச்சீங்க?"

"பால்ல," என்றேன். வேறென்ன சொல்ல?

மறுபடி சுற்றியது, தேன் ஊற்றிய மாதிரி சத்தம். கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். தலை மரத்துப்போகக் களிம்பு தடவி, பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஊசியாக அதைப் போட்டார்கள். களிம்பு போட்டும் வலிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு ஊசிக்கும் என் விரலை நெரித்து, என் பரம்பரையையே வாய்க்குள் திட்டினாள். நான் ஒவ்வொரு திட்டுக்கும் "சரிம்மா" என்றேன்.

பிறகு இரண்டு முறை போனோம். நான் சும்மா இருக்கவில்லை. கிழமைக்கு ஒருநாள் சீப்பில் வரும் முடியை எடுத்து தனித்தனிக் கடித உறையில் போட்டு ஜன்னலில் அடுக்கினேன். பால் நிலையத்துத் தராசில் நிறுத்தும் பார்த்தேன், முள் அசையவில்லை. தங்கை வந்து உறைகளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன, அண்ணிக்கு வந்த காதல் கடுதாசியா?" என்றாள். மூன்று தடவைக்கும் ஆன காசில் அரை மாடு வாங்கியிருக்கலாமே என்றும் சொன்னாள். எந்த அரை என்று கேட்டேன். ஆனால் முதல் உறை தடித்தும் தை மாத உறை ஒல்லியாயும் இருந்ததை அவளும் தடவிப் பார்த்தாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கயிறு கிடந்த கோடு அப்படியேதான் இருக்கிறது. ஒரு முடி முளைக்கவில்லை. பின்பக்கத்தில் முடி தடித்தது, கொஞ்சம் அடர்ந்தது. இளவயதுக் கூந்தல் திரும்பி வரவில்லை. ஊசி எவ்வளவு செய்தது, மாத்திரை எவ்வளவு செய்தது என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "பிரிச்சு சொல்ல ஏலாது அங்கிள்," என்றார். செய்தது வீணா என்று என்னைக் கேட்டால், வீணில்லை என்பேன். ஆனால் எல்லாருக்கும் சொல்லமாட்டேன். முதலில் ரத்தத்தைச் சோதியுங்கள், குறை இருந்தால் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், வேர் உயிரோடிருக்கிறதா என்று கேளுங்கள். முழுத் தலையும் வரும் என்று உறுதி சொல்கிறவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே திரும்பி விடுங்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை என் மனைவி கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு, "ஒங்க தங்கச்சிகிட்ட சேலைய வாங்கிட்டு வாங்க," என்றாள். நான் லொறியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஒரு சேலைக்கு லொறியா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு ரயில் கிடைத்திருந்தால் அதையே ஓட்டிப் போயிருப்பேன்.

கல்யாணத்தன்று தங்கைதான் பூ வைத்தாள். மூன்று கொண்டை ஊசி குத்தி, சரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். "நிக்குது அண்ணி! வேணும்னா நான் தொங்கிப் பாக்கவா?"

"தொங்குடி. ஒன்னையும் தாங்கும்."

முன்னால் வழுக்கைக் கோடு, பின்னால் மல்லிகை, முக்காடு இல்லை. பீடத்துக்கு முன்னால், மகனுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். ஆசீர் வாங்கக் குனிந்தாள், எழுந்தாள். பூ நின்றது. நான் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து எனக்குத் தெரியாத பாட்டையெல்லாம் பாடினேன்.

விருந்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன எண்ணெய், என்ன தைலம் என்று ஒரே கேள்வி. பாயாசக் கிண்ணத்தோடு நான் பின்னாலேயே நின்றேன். டாக்டரம்மாவைச் சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள். தேநீரைக் குறைத்ததைச் சொன்னாள். மாதாவைச் சொன்னாள். கடைசியில் தங்கை பூ குத்திய கைராசியைக்கூடச் சொன்னாள். என் பாயாசம் ஆறிப்போனது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டாக்டரம்மாவின் பங்கை நான் பிடுங்கவில்லை, மாதாவோடு எனக்குப் போட்டியும் இல்லை. ஆனால் கல்யாணப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு இவள் அக்கம்பக்கத்துக்குக் காட்டும்போது, முன்வரிசையில் இவளுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரர்" என்பதோடு நிறுத்தக் கூடாது. "என்னைய இந்த எடத்துல கொண்டாந்து நிக்க வச்சவரு இவருதான்" என்று முழுசாக, நான்கு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.