கேட்டால் பதில் சொல்லாதவர்

"சாப்புட்டீங்களாங்க?" என்று கேட்டால்கூடத் தனபால் உடனே பதில் சொல்லமாட்டார். கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார். "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது பழகிப்போயிற்று. டீக்கடை முரளி மட்டும் விடமாட்டான். "டீ போடட்டுங்களா, இல்ல அதுக்கும் வக்கீலக் கேட்டுட்டு வாரீங்களா?"

தனபால் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். பனிமலையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. ஓய்வுபெறும் சமயம் பரிசோதித்த டாக்டர் நம் பக்கத்துக்காரர். "கொல்லிமலையா? எப்படி ஏறி இறங்குவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! "பஸ் எதுக்குங்க? நாங்கெல்லாம் நடந்தே எறங்கிருவமுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார் தனபால். அந்தப் பதிலை வைத்தே, சிறு வயதிலிருந்து மலை ஏறியே முழங்கால் தேய்ந்திருக்கிறது, பணியால் அல்ல என்று முடிவு வந்தது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது.

அன்றிலிருந்து சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருக்குப் பென்ஷன் ஆபீஸ் வேவு பார்க்க அனுப்பிய ஆட்கள். பலாப்பழ வியாபாரி செல்போனை எடுத்தால், படம் பிடிக்கிறானோ என்று மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கம்பு ஊன்றினால் நடிக்கிறான் என்பார்கள், ஊன்றாவிட்டால் நன்றாகத்தானே நடக்கிறான் என்பார்கள். அதனால் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டுவார். மிளகு பறிக்க ஏணி ஏறுவது மனைவி அத்தாயிதான். கீழே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம், "பார்டர்லகூட இப்படிக் காவல் காத்திருக்க மாட்டீங்க. ஏணியப் புடிங்க!" என்று கத்துவாள்.

மேல்முறையீட்டில் மறுபரிசோதனைக்கு உத்தரவாகியிருக்கிறது. நாளை சென்னைக்குப் போகவேண்டும். இதுவும் தவறினால் வேறு வழியில்லை. வக்கீலின் குமாஸ்தா இமானுவேல் விவரம் சொல்ல நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"நீங்க யாரு பக்கம்?"

"உங்க பக்கந்தாங்க. நாளைக்கு டாக்டர் இதையேதான் கேப்பாரு. இப்படியே நின்னீங்கன்னா கேஸ் போச்சுங்க."

"படுத்தா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கறாருங்க சாமி," என்றாள் அத்தாயி. "வலிக்குதுன்னு எங்கிட்டயே சொன்னதில்ல."

தனபால் வெளியே எட்டி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தினார். வேட்டியை விலக்கி, இமானுவேலின் கையைப் பிடித்து முழங்கால் வீக்கத்தின்மேல் வைத்தார். பிறகு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை மெதுவாக மடக்கினார்.