சஹனில் ஒரு பக்கம்

கல்முனையில் மீன்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். நாம் கேட்காமலே அவர் மீனின் செவுளைத் திறந்து காட்டுவார். அதன் சிவப்பை நாம் பார்த்த பிறகுதான் மீன் தராசுக்குப் போகும். அவரும் மூன்று மகன்மாரும் நடத்திய கடை அது. பகலில் நால்வரும் சஹன் என்கிற பெரிய தட்டொன்றைச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும், எத்தனையோ பேரைக் கொண்டுபோன அந்தக் கடலின் மீனைத் தொடவில்லை. ஏனென்று எவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. அவர் மட்டும் தகரம் அடித்துக் கடையைத் திறந்துவிட்டார். விலைப்படாத மீனை ஆக்கி, கடை வாசலிலேயே சஹன் வைத்தார்கள். சுற்றி மூன்று பேர்தான். நாலாவது பக்கத்தில் சோறும் பொரித்த பாரைத் துண்டும் தொடாமல் கிடக்கும். சின்ன மகனைக் காணவில்லை.

அந்த நாட்களில் ஒருவரை எங்கே என்று கேட்கவே பயம். ஒரு மாதமாக மற்றப் பக்கம் பார்த்தபடியே சைக்கிளில் போனேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கி, "காக்கா, சின்னவன்..." என்றேன்.

"அவனா? அலைக்கு ஒரு கிழமை முந்தி அட்டாளைச்சேனையில கலியாணம் முடிச்சான். பொண்டாட்டி ஊட்டோட நல்லா இரிக்கான்."

சைக்கிளைத் தகரத்தில் சாத்தினேன். "அப்ப இந்தப் பக்கம் ஆருக்கு?"

"மீன் திங்கப் பயந்து போற ஆருக்காவது. இரிங்க தம்பி."

கை கழுவ அவரே தண்ணீர் வார்த்தார். வயிறு நிறையத் தின்றேன்.

நான் எழும்பியதும், சட்டியிலிருந்து இன்னொரு பாரைத் துண்டை எடுத்து நான் இருந்த பக்கத்தில் வைத்தார். வீதியில் ஒருவர் மற்றப் பக்கம் பார்த்தபடி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.