நடுவில் ஒரு மெஷினை நிறுத்திப் பார்த்தேன்

நெதர்லாந்தின் உத்ரெக்டில் என் மேலதிகாரி ஆன்னெக்கா மதியத்தில் ரொட்டிமேல் சாக்லேட் துருவல் தூவித்தான் சாப்பிடுவார். அன்றும் அதைக் கடித்துக்கொண்டே, "எந்தக் கம்பெனி நல்லது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்துச் சொல்" என்றார். தெரியாது என்பதை ஒரு மேலதிகாரி இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சோற்று டப்பாவை மூடி வைத்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். என் வேலை நிரந்தரமாவது இந்தப் பதிலில்தான் இருந்தது.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளுக்கான முன்பதிவு மென்பொருள் எங்களுடையது. அதைக் கண்டெய்னர் என்னும் சிறு சிறு பொதிகளாகப் பிரித்துப் பல மெஷின்களில், அதாவது கம்ப்யூட்டர்களில், ஓட விட்டிருக்கிறோம். எந்த வேலை எந்த மெஷினுக்கு என்று பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி, குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள். மெஷின்கள் வாடகைக்கு. வாடகைக்குத் தரும் கிளவுட் கம்பெனிகள் மூன்றைச் சோதனைக்கு எடுத்திருந்தோம். மூன்றின் விளம்பரமும் ஒரே மாதிரி பளபளத்தது.

ஊரில், குன்னத்தில், அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைக் குவித்து வைக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் வியாபாரி யாரையும் கேட்க மாட்டார். நேராக நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவுவார்.

"என்னங்க, கேக்காம கொள்ளாம கைய வுடுறீங்க?" என்பாள் அம்மா.

"மேல இருக்கறது பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வூடு இருக்கற மாதிரிங்க. உள்ளதானே பாக்கணும்?"

அதே பழக்கத்தில் நானும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினை நிறுத்தினேன். முதல் கம்பெனியில் மாற்று மெஷின் எழுந்து வர நான் ஒரு டீ குடித்து முடித்துவிட்டேன். மூன்றாவது, விலை குறைவுதான். ஆனால் உதவி கேட்டதற்கு மறுநாள்தான் பதில் வந்தது. இரண்டாவது கம்பெனியின் மெஷினை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, பக்கத்து அறையில் ஆன்னெக்கா ஒரு வாடிக்கையாளருக்கு அதில் ஓடும் எங்கள் மென்பொருளைத்தான் காட்டிக்கொண்டிருந்தார் என்று. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வாடிக்கையாளர் போனதும் உள்ளே போய்ச் சொன்னேன்.

"எப்போது நிறுத்தினாய்?"

"நீங்கள் காட்டிக்கொண்டிருக்கும்போதே."

"திரை கண்கூடச் சிமிட்டவில்லையே!" என்று சிரித்தார். மற்ற மெஷின்கள் அந்த வேலையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தன. "அப்படியானால் இதுதான். அடுத்த முறை சொல்லிவிட்டு நிறுத்து." தவறை விட்டுவிட்டு, அதில் கிடைத்த விடையை எடுத்துக்கொள்ளும் இந்த மனசை எப்படிப் புகழ்வது என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வாரமே வேலை நிரந்தரமானது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வேல நெலச்சிருச்சும்மா."

"நல்லதுப்பா, சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றாள். பிறகு கேட்டாள், "அப்ப இனிமே இங்க வரமாட்ட?"

எது நின்றால் எது தாங்கும் என்று கம்பெனிக்குச் சொன்ன நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். இங்கே கண் கூசும் வெயில். அங்கே பொழுது இறங்கிவிட்டது போல. அம்மா எழுந்து லைட் போடும் சத்தம் போனில் கேட்டது.