லிஃப்ட்காரன் படியேறிய கதை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. அது மெஷின் ரூம் வயரிங் மாதிரி இருக்கும். எது எங்கே போகிறது என்று போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் படித்தது அஞ்சாவது வரை. எந்த ர, எந்த ற என்று சந்தேகம் வந்த இடங்களில் எழுத்தைக் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு எது சரியோ அப்படிப் படித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார் எங்கள் கன்னடக்கார சூப்பர்வைசர் கங்காதர் சார். நாலு பேர் முன்னால் நின்று பேசுவதைவிட லிஃப்ட் ரோப்பில் தொங்குவது எனக்குச் சுலபம். "எழுதித் தரேன் சார்" என்று சொல்லித் தப்பித்தேன். அதுதான் இது.

1. பாதி நான்

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினாலு மாடி. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே தனிமைதான். மெஷின் ரூமுக்குள் போய்விட்டால் மோட்டார் மட்டும் பேசும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பி பிளாக்கின் மெஷின் ரூம் மொட்டை மாடிக்கும் மேலே இருக்கிறது. இரும்பு ஏணியில் ஏறி, அந்த ரூமின் தரையில் விட்டிருக்கும் ஒரு சதுர ஓட்டை வழியாக உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்காகப் போய்வந்த ஓட்டை. ஒரு நாள் தலை போனது, தோள் போனது, வயிறு வர மாட்டேன் என்றது.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் ஜோடி மெக்கானிக் பாஷா. "இன்னாணா, மேல போறியா, கீழ வர்றியா?"

"மாட்டிக்கிச்சு."

"எது?"

"நான்தான்."

"மூச்ச வுடுணா. இன்னும் வுடு. போதும் போதும், இதுக்கு மேல வுட்டா வேற மாரி ஆயிடும். லிஃப்ட் ஓடற ரெயிலுக்குப் போடற ஆயில் கீது, சுத்தி ஊத்தட்டா?"

அந்த நேரம் பார்த்து கங்காதர் சார் மொட்டை மாடிக்கு வந்தார். தொங்கிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்திருக்கிறார்.

"ஏன்ரீ, இது யாரு?"

"அந்தோணிண்ணா சார்."

"மேல் பாதி எங்க?"

"டியூட்டில கீது சார்."

என்னைக் கீழே இழுத்துப் போட்ட பிறகு சார் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷர். "அந்தோணி, அடுத்த ஆனுவல் டெஸ்டிங் அன்னிக்கி நீங்க இந்த ஓட்டைல போகணும். ஆகலேன்னா பரவால்ல, உங்கள கம்ப்ளைன்ட் டெஸ்க்ல உக்கார வெக்கறேன். ஃபேன், குஷன் சேரு. நாளெல்லாம் போன் எடுத்துப் பேசினா போதும், அஷ்டே."

அவர் அதைக் கருணையாகச் சொன்னார். எனக்கு அது தண்டனையாகக் கேட்டது. முன்பின் தெரியாதவர்களோடு, அதுவும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களோடு, நாளெல்லாம் பேச வேண்டும். வீட்டுக்கு கேஸ்காரர் போன் செய்தால்கூட நான் என் மனைவி செலினிடம் கொடுத்துவிடுகிற ஆள்.

2. யாரும் பார்க்காத இடம்

டாக்டர் சுகரையும் பி.பி.யையும் பார்த்துவிட்டு, நடக்கச் சொன்னார். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்குக்குப் போனேன். அங்கே ஒரு கூட்டம் கையைத் தூக்கிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுவும் உடற்பயிற்சியாம். "வாங்க சார், சேந்து சிரிங்க" என்று கூப்பிட்டார்கள். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை. டம்பெல் ஒரு ஜோடி வாங்கினேன். அதில் ஒன்று இப்போது எங்கள் வீட்டு மாவுப் பாத்திரத்தின் மூடி மேல் உட்கார்ந்திருக்கிறது, மாவு பொங்காமல்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படிக்கட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? தினமும் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் பி பிளாக்கில் படியேறுவது என்று முடிவு செய்தேன். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

மூன்றாவது மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார். "லிஃப்ட் ஓடலையாப்பா?"

"ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டே இருந்தேன். ஏன் ஏறுகிறேன் என்று சொல்லப்போனால் வயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அங்கேதான் தப்பு செய்தேன். என் முதுகில் கொட்டை எழுத்தில் லிஃப்ட் சர்வீஸ் என்று எழுதியிருக்கும்.

3. காலியாகப் போய் காலியாக வந்த லிஃப்ட்

ஒரு வாரத்தில் படிக்கட்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பிள்ளைகள் ஸ்கூல் பையோடு இறங்கினார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரையோ திட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாஷாதான் போனைக் காட்டினான். பி பிளாக் வாட்ஸப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள்: லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் ஏறுவதில்லை, எல்லோரும் ஜாக்கிரதை.

"உன் போட்டோகூட கீதுணா. பின்னால இருந்து எடுத்திருக்காங்கோ. மூஞ்சி தெரியல, ஆனா சைஸ வெச்சி எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி."

கங்காதர் சார் ஓடி வந்தார். "லிஃப்ட் ரெண்டும் பக்கா. ஆனா காலியா போகுது, காலியா வருது. வேற கம்பெனிய கூப்பிடணும்னு சொல்றாங்க. என்ன மாடிதீரி, என்ன செஞ்சீங்க அந்தோணி? கிளப் ஹவுஸ்ல மீட்டிங் வெச்சிருக்காங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

போனில் பேசுவதற்குப் பயந்து படியேறினேன். படியேறியதால் மைக் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று.

அசோசியேஷன் செக்ரட்டரி சாவித்திரி மேடம், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதிரில் உட்கார்ந்து, லோன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பயப்படாம உண்மையச் சொல்லுங்க. ரோப் தேஞ்சிடுச்சா?"

"இல்லம்மா."

"பிரேக்?"

"நல்லா இருக்கும்மா."

"அப்ப நீங்க மட்டும் ஏன் அதுல ஏற மாட்டேங்கறீங்க?"

கூட்டம் என் வாயையே பார்த்தது. கடைசியில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். "லிஃப்ட்ல ஒண்ணும் ரிப்பேர் இல்லம்மா. எனக்குதான் ரிப்பேர்."

மீதியைப் பாஷா சொன்னான். சொன்னான் என்பது சரியில்லை, நடித்துக் காட்டினான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, அதன் கால்களுக்கு நடுவில் தலையை விட்டு, ஆயில் ஊத்தட்டா என்பது வரை. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் சுகர்தான்."

சாவித்திரி மேடம் எழுந்தார். "காலைல எத்தன மணிக்கு ஏறுவீங்க?"

"ஏழரைக்கும்மா."

"நாளைக்கு நாங்களும் வரோம்."

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமே வந்திருக்காது.

4. முட்டி வலி

மறுநாள் தரைத்தளத்தில் ஒரு கும்பல் கேன்வாஸ் ஷூவோடு நின்றது. என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்கள். மருமகள், ஈ.எம்.ஐ., தண்ணீர் டேங்கர் என்று எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். மூச்சு வாங்குகிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. கேள்வி கேட்டால் மார்பில் கை வைத்துத் தலையாட்டினால் போதும்.

ஆனாலும் ஒரு மழை நாளில் போர்வையை விட்டு எழ மனசு வரவில்லை. "மேடம் போன் பண்ணா முட்டி வலின்னு சொல்லிடு" என்றேன்.

செலின் போனை என் தலையணை மேல் வைத்தாள். "உன் முட்டிதானே, நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். எந்த முட்டி, எப்போதிலிருந்து, யாரிடம் காட்டினீர்கள் என்று மேடம் கேட்பார். நாளைக்கு ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஒருவர் தைலம் சொல்வார், இன்னொருவர் அந்தத் தைலம் கூடாது என்பார். இத்தனை பேருக்குப் பதில் சொல்வதைவிடப் பதினாலு மாடி ஏறுவது மேல். போன் அடிப்பதற்குள் எழுந்து, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அதன்பிறகு நான் ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

5. டெஸ்டிங் நாள்

ஆனுவல் டெஸ்டிங் அன்று மொத்தக் கும்பலும் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. கூப்பிட்டது பாஷா. தனியாகப் போக வேண்டிய ஓட்டைக்குள் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏறினேன். தலை போனது. தோள் போனது. வயிறு ஒரு நொடி நின்றது. கம்ப்ளைன்ட் டெஸ்க்கின் போன் மணி காதில் கேட்டது.

"மூச்ச விடுங்க அந்தோணி" என்றார் சாவித்திரி மேடம். கீழே எல்லோரும் சேர்ந்து புஸ்ஸென்று மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். ஒரு சட்டைப் பட்டன் கீழே போனது, நான் மேலே போய்விட்டேன்.

கை தட்டினார்கள். "இறங்கி வாங்க" என்றார்கள். வேலை இருக்கிறது என்று மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் கலைந்த பிறகு, மேலே வந்து கையெழுத்துப் போட வேண்டிய கங்காதர் சார் ஏணியில் ஏறினார். தலை வந்தது. தோள் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அந்தோணி, அந்த ஆயில் இருக்கா?"

மறுநாள் ஏழரைக்குத் தரைத்தளத்தில் புது ஷூவோடு நின்றார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். உங்களுக்கு மனஉறுதி இல்லாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் கிடையாது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விடாமல் கேட்கிற ஆட்களோடு சேருங்கள். கூச்சப்படுகிறவராக இருந்தால் இன்னும் சீக்கிரம் இளைப்பீர்கள்.

"எழுதியாச்சா?" என்று சார் தினமும் படியில் கேட்பார். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பதால் அத்தோடு விட்டுவிடுவார். நானும் மார்பில் கை வைத்துத் தலையாட்டிவிடுவேன். இப்படியே நான் பேச வேண்டியிருந்த அந்த டிரெயினிங் முடிந்துவிட்டது, அடுத்த டிரெயினிங்கும் வந்துவிட்டது. நேற்று பதினாலாவது மாடியில் நின்று, மூச்சே வாங்காமல், முழு வாக்கியமாகத் திட்டினார். அதனால் இன்று உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.

ஜீவனஹள்ளி
மார்ச் 9, ஞாயிறு